கரிசலுக்குப் பச்சை அடிச்ச கதை

போன வாரம் எங்க பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்புல பிரியா ஒரு கேள்வி போட்டிருந்தா. நான் ரிட்டயர் ஆனப்போ என் நாற்காலிக்கு வந்த பொண்ணு அவ. "மேடம், இனிமே டெஸ்டிங் எல்லாம் மெஷினே பாத்துக்கிடும்னு சொல்லுதாங்க. எங்களுக்கு வேலை இருக்குமா, இருக்காதா? அனுபவசாலி நீங்க, ஒரு நாலு வரி எழுதுங்க"ன்னு கேட்டிருந்தா. நாலு வரியோட நிறுத்த எனக்கு எந்தக் காலத்துல தெரிஞ்சிருக்கு? என் வீட்டுக்காரர்ட்ட கேட்டா சொல்லுவாரு. அவர் சங்கரன்கோவில்ல விசைத்தறி ஓட்டுற ஆளு. தறிச் சத்தத்துல நான் பேசுறதுல பாதிதான் அவர் காதுல விழும். அதனாலதான் முப்பது வருசமா குடும்பம் நல்லபடியா ஓடிட்டு இருக்கு.

டெஸ்டிங் தெரியாதவங்களுக்குச் சொல்லிருதேன். சாப்ட்வேர் எழுதுறது ஒருத்தர். அதுல எங்க ஓட்டைன்னு தேடுறது நாங்க. தேடிப் பாத்து, சரியா இருந்தா 'தேர்ச்சி'ன்னு கையெழுத்துப் போடணும். அடுத்தவங்க செஞ்சதுல குத்தம் கண்டுபிடிக்கிறதுக்குச் சம்பளம். "உனக்குன்னே அளவெடுத்துத் தச்ச வேலைட்டி இது"ன்னு எங்க அண்ணன் சுப்பையா சொல்லுவான்.

நான் பொறந்தது திருவேங்கடம் பக்கத்துல. மானாவாரிக் கரிசக்காடு. அண்ணன் இன்னைக்கும் அந்தக் காட்டுலதான் பாடுபடுதான். என்னை பி.எஸ்ஸி. படிக்க வச்சு, சங்கரன்கோவில்ல கட்டிக் குடுத்தாங்க. முதல்ல டைப் அடிக்கிற வேலை, பிறகு கம்ப்யூட்டர்ல பேர் ஏத்துற வேலை, பிறகு திருநெல்வேலியில ஒரு சாப்ட்வேர் கம்பெனி. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூமுக்குச் சாப்ட்வேர் செய்யுற கம்பெனி அது. தெனமும் விடிய பஸ்ல போயி, பொழுது அடைய வருவேன். அந்த பஸ்ல நின்னுக்கிட்டே கத்துக்கிட்ட பாடந்தான் பாதி. மீதியக் கத்துக் குடுத்தது ராஜமாணிக்கம் சார்.

சார் எங்க டெஸ்டிங் பிரிவுக்குத் தலைவர். கோவில்பட்டிக்காரர். நாம பேச ஆரம்பிச்சா கண்ணை மூடிக்கிடுவாரு. புதுசா வர்றவங்க தூங்கிட்டாருன்னு நெனச்சுக் குரலை ஒசத்துவாங்க. அவர் மெதுவா ஒரு கண்ணை மட்டும் திறந்து, "யாரு பாத்தா?"ன்னு கேப்பாரு. "இல்ல சார், அந்தப் பக்கத்து டீம்ல சொன்னாங்க"ன்னு இழுத்தா, "அப்ப போயி பாத்துட்டு வா"ம்பாரு. கோவப்பட மாட்டாரு, திட்ட மாட்டாரு. அதுக்குத் திட்டிட்டாக்கூட நல்லாருக்கும்.

பாத்துட்டு வந்து மூணு வரி எழுதணும். செஞ்சது ஒரு வரி. நடந்தது ஒரு வரி. நடந்திருக்க வேண்டியது ஒரு வரி. நாலாவது வரி எழுதினா பேனாவால ஒரு கோடு இழுத்துருவாரு. ஒருநாள் நான், "இதைக்கூடக் கவனிக்காம ஒருத்தர் சம்பளம் வாங்குதாரு"ன்னு நாலாவதா ஒண்ணு எழுதிக் கொண்டுபோய்க் குடுத்தேன். படிச்சாரு, சிரிச்சாரு, கோடு இழுத்தாரு. குத்தம் நெசந்தான்னு ஒத்துக்கிட்டார்னா சட்டைப்பையில இருந்து ஒரு கடலைமிட்டாய் எடுத்துத் தருவாரு. அந்த ஆபீஸ்ல நான் வாங்கித் தின்ன மிட்டாய்க்கு எனக்குச் சர்க்கரை வராததே எங்க ஊரு கோமதியம்மன் புண்ணியம்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வெளிநாட்டு வேலை வந்துச்சு. நாட்டுப் பேரு சொல்ல மாட்டேன், சொல்ல மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன். பல வருசம் உள்நாட்டுச் சண்டை நடந்து ஓய்ஞ்ச இடம். ஓடிப்போன சனங்க ஊருக்குத் திரும்புற நேரம். ஆனா வயலெல்லாம் வெடிக்காத குண்டு கிடக்கு. எந்த வயல்ல கால் வைக்கலாம், எதுல வைக்கக் கூடாதுன்னு சனங்களுக்குத் தெரியணும். அதுக்குத்தான் எங்க சாப்ட்வேர்.

விசயம் இவ்வளவுதான். ஊருக்கெல்லாம் ஒரே ஒரு அவசர நம்பர். எதையாவது பாத்தா கூப்பிடணும். கன்ட்ரோல் ரூம்ல இருக்கிறவங்க மூணு கேள்வி கேப்பாங்க: எங்க, என்ன, பக்கத்துல யார் இருக்கா. உடனே வரைபடத்துல அந்த இடத்துக்குச் சிவப்பு. குண்டு எடுக்கிற குழு போயி வேலைய ஆரம்பிச்சா மஞ்சள். முடிச்சா பச்சை. பச்சைன்னா உழலாம், விதைக்கலாம், பிள்ளைங்க விளையாடலாம். விவசாயி கையில இருக்குற போன்லயும் அந்த நிறம் தெரியும்.

அந்த நாட்டு அரசாங்கம் ஒரு விதி கேட்டிருந்துச்சு. பச்சை ஆன இடம் திரும்பச் சிவப்பு ஆகக் கூடாதுன்னு. கேக்க நல்லாத்தான இருக்கு? யாராவது தெரியாமக் கைய வச்சு நிறத்தை மாத்திட்டா சனங்க பயந்து திரும்ப ஓடிருவாங்கல்லா. அந்த விதிய நான்தான் டெஸ்ட் பண்ணினேன். எந்தெந்த வழியில பச்சையைக் கெடுக்கலாமோ அத்தனையும் செஞ்சு பாத்தேன். ஒரு வாரம் அந்தப் பச்சைய விரட்டு விரட்டுன்னு விரட்டினேன். அது அசையல. 'தேர்ச்சி'ன்னு எழுதி, அழகா ச. சண்முகத்தாய்னு கையெழுத்துப் போட்டேன். சாரும் கீழ போட்டாரு. அன்னைக்கு ரெண்டு மிட்டாய்.

பிறகு, அங்க உள்ள பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுக்க ஆள் வேணும்னு என்னையே மூணு மாசம் அனுப்பினாங்க. சண்டை நடந்த ஊராச்சேன்னு யோசிச்சேன். என் வீட்டுக்காரர் சொன்னாரு: "சண்டை நின்னு போன ஊருல்லா? அங்க சண்டைக்கு ஆள் தேவைப்படும். நீ போனா சரியாத்தான் இருக்கும்." பருப்புப்பொடி, இட்லிப்பொடி, ஊறுகாய் எல்லாம் கட்டிக்கிட்டு ஏறிட்டேன்.

அங்க போயி ஜீப்ப விட்டு இறங்கின முதல் நாள், லேசா மழை பேஞ்சிருந்துச்சு. நாலு எட்டு வச்சேன். செருப்பு கனத்துப் போச்சு. குனிஞ்சு பாத்தா, நம்ம கரிசல்! அப்படியே நம்ம ஊரு கரிசல், பிசின் மாதிரி ஒட்டுது. எனக்குச் சந்தோசம் தாங்கல. ஒரு கை அள்ளி மோந்து பாத்தேன். கூட வந்தவங்க இந்தம்மாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டோன்னு பாத்தாங்க. அண்ணனுக்குப் போன் போட்டு, "ஏண்ணே, இங்கனயும் நம்ம மண்ணுதான்"ன்னு சொல்லிச் சிரிச்சேன். மண்ணை மோந்து பாத்த மூதேவி, அந்த மண்ணு என்ன செய்யும்னு அன்னைக்கே யோசிச்சிருக்கலாம். யோசிக்கல.

கன்ட்ரோல் ரூம் ஒரு பழைய பள்ளிக்கூடம். ஆறு மேசை. ஒரு மேசையில மரியம்னு ஒரு பொண்ணு. இருபத்தஞ்சு வயசு இருக்கும், வேலையில அம்புட்டுச் சுறுசுறுப்பு. அவ இங்கிலீசும் என் இங்கிலீசும் ஒரே பள்ளிக்கூடத்துல பெயிலானது. அதனால நாங்க ரெண்டு பேரும் நல்லாப் புரிஞ்சுக்கிட்டோம். நான் போறதுக்கு முந்தின மாசம்தான் அவ ஊரு வயல் பச்சை ஆகியிருக்கு. அவ அம்மா அதுவரைக்கும் அகதி முகாம்ல இருந்திருக்காங்க. திரும்பிப் போக மாட்டேன்னு ஒரே பிடிவாதம். மரியம்தான் போன்ல வரைபடத்தைக் காட்டி, "பாரும்மா, பச்சை. நான் வேலை பாக்கிற இடத்துல போட்ட பச்சை. நம்பிப் போ"ன்னு அனுப்பி வச்சிருக்கா. இதை எங்கிட்ட எத்தனை தடவை சொல்லிருப்பா! சொல்லும்போதெல்லாம் என் கையப் பிடிச்சுக்கிடுவா. அந்தப் பச்சைக்குக் கையெழுத்துப் போட்டது நான்தான்னு எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

மூணாவது வாரம், ரெண்டு நாளு விடாம மழை கொட்டி விட்டுச்சு. வெயிலடிச்சு மண்ணு காஞ்ச பிறகு, ஒருநாள் காலையில நான் மரியம் பின்னால உக்காந்து, அவ அழைப்பு எடுக்கிற விதத்தைக் குறிச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு அழைப்பு வந்துச்சு. எடுத்தவ, வழக்கமான வணக்கம் சொல்லப் போனா, பாதியில நிறுத்திட்டா. அவ அம்மா. மகளோட சொந்தப் போன் வேலை நேரத்துல அணைஞ்சிருக்கும்னு அவங்களுக்குத் தெரியும். அதனால அவசர நம்பருக்கே கூப்பிட்டிருக்காங்க. வயலை உழுதுக்கிட்டு இருந்தாங்களாம். மண்ணு வெடிப்புல இரும்பு மாதிரி ஒண்ணு மூக்க நீட்டிக்கிட்டு இருக்காம்.

மரியம் அந்த இடத்தைத் தட்டிச் சிவப்பு வச்சா. திரையில ஒரு பெட்டி வந்துச்சு: 'இந்த இடம் பாதுகாப்பானது. மாற்ற முடியாது.' திரும்பத் தட்டினா. அதே பெட்டி. மூணாவது தடவையும் அதே பெட்டி. திரும்பி என்னைப் பாத்தா. அவ அம்மா குரல் அந்தப் பக்கம் "மகளே, மகளே"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கு.

அந்த நேரத்துலதான் என் மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. புரட்டாசி பிறந்தா எங்க வீட்டுல எல்லாரும் காட்டுக்குக் கல் பொறுக்கப் போவோம். சுக்கான் கல்லு. பொறுக்கிப் பொறுக்கி வரப்புல குமிப்போம். 'போன வருசந்தான இந்தக் காட்டைச் சுத்தமாப் பொறுக்கினோம், இது எங்கருந்து வந்துச்சு'ன்னு நான் சின்னப் பிள்ளையில அழுவேன். கரிசல் கோடையில பாளம் பாளமா வெடிக்கும், மழைக்கு ஊதும். வெடிச்சு ஊதி, வெடிச்சு ஊதி, அடியில கிடக்கிறத மேல தள்ளிக்கிட்டே இருக்கும். கல்லைத் தள்ளுற மண்ணு குண்டை மட்டும் தள்ளாதா? குழுவ ஒண்ணும் சொல்ல முடியாது. கருவிக்கு எட்டின ஆழம் வரைக்கும் அவங்க ஒழுங்காத்தான் எடுத்திருக்காங்க. அதுக்கும் அடியில கிடந்தது ஏறி வந்திருக்கு. கரிசக்காட்டுல கரிசலுக்குப் பச்சை அடிச்சு, அது காலத்துக்கும் மாறாதுன்னு கையெழுத்துப் போட்டது ஒரு கரிசக்காட்டுக்காரி. வெளிய சொன்னா வெக்கக்கேடு.

"அம்மாவை நடந்து வந்த தடத்துலயே காலை வச்சுத் திரும்பி வரச் சொல்லு. வரப்புல ஒரு துணியக் கட்டச் சொல்லு. யாரையும் உள்ள விட வேண்டாம்"னு சொன்னேன். மரியம் அதை அவ பாஷையில சொன்னா, குரல் நடுங்காம சொன்னா. பிறகு குழுவுக்கு வயர்லெஸ் போட்டோம். குழுத் தலைவர் தன் கையில உள்ள படத்தைப் பாத்துட்டு, "அது பச்சைல்லா? சிவப்புக் குறி வந்தாத்தான் நான் வண்டிய எடுக்க முடியும்"னாரு. அவர் மேல தப்பில்ல. அப்படித்தான் நாங்க சொல்லிக் குடுத்திருந்தோம்.

குறுக்கு வழி தேடுறதுதான என் பொழப்பு. வயலுக்குத்தான் நிறம். வயலை ஒட்டிப் போற வண்டிப்பாதைக்கு நிறமே கிடையாது. "மரியம், வயலை விடு, பாதையில சிவப்பு வை"ன்னேன். வச்சா. ஏத்துக்கிட்டு! அடுத்த நிமிசம் வண்டி கிளம்பிட்டு. நானும் மரியமும் பின்னாலயே இன்னொரு ஜீப்புல போனோம். எனக்கு அங்க ஒரு வேலையும் இல்ல. ஆனா சார் கேப்பாருல்லா, யாரு பாத்தான்னு.

வெகுதூரத்துல நிறுத்திட்டாங்க. வரப்புல ஒரு மஞ்சத் துணி ஆடிக்கிட்டு இருந்துச்சு. மரியம் அம்மா தலைத்துணி அது. தொலைநோக்கிக் கண்ணாடி வாங்கிப் பாத்தேன். துருப்பிடிச்ச பீரங்கிக் குண்டு, வெடிப்புல சாய்ஞ்சு கிடந்துச்சு. ஏர் இன்னும் ரெண்டு சால் வந்திருந்தா அதுல ஏறியிருக்கும். மரியம் அம்மாவைக் கட்டிக்கிட்டு ஏங்கி ஏங்கி அழுதா. அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? "மூணு தடவை தட்டினியாமே. உன் கம்ப்யூட்டர் என்ன, உங்க அப்பா மாதிரி சொன்னதையே சொல்லிக்கிட்டு இருக்கு?"ன்னாங்களாம். மரியம் அழுதுகிட்டே சிரிச்சா. மறுநாள் குழு அந்தக் குண்டை அங்கனயே வெடிக்க வச்சாங்க.

சாயங்காலம் சாருக்குப் போன் போட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். கண்ணை மூடியிருக்காருன்னு தெரியும்.

"யாரும்மா பாத்தா?"

"நான் பாத்தேன் சார். என் கண்ணால பாத்தேன்."

"அப்ப மூணு வரி எழுது."

"சார், அதுக்குத் தேர்ச்சி போட்டதே நான்தான்."

"கீழ யார் கையெழுத்து இருக்குன்னு பாத்தியா? நானும் கோவில்பட்டிக்காரன்தானம்மா. எங்க காட்டுல கல் பொறுக்காத வருசமே கிடையாது. ரெண்டு கரிசக்காட்டு மண்டையும் சேந்து கோட்டை விட்டிருக்கோம். எழுது. மிட்டாய ஊருக்கு வந்து வாங்கிக்கோ."

எழுதினேன். செஞ்சது: பச்சை நிலத்துல புதுக் குண்டு கண்டதாகச் சொன்ன அழைப்புக்குச் சிவப்பு வச்சோம். நடந்தது: சாப்ட்வேர் மறுத்துட்டு. நடந்திருக்க வேண்டியது: கண்ணால கண்டவங்க சொல்லை ஏத்துக்கிட்டிருக்கணும்.

மூணு வரி எழுதிட்டா முடிஞ்சிருமா? விதிய மாத்த அந்த நாட்டு அதிகாரி ஒத்துக்கணும். பெரிய மீசை, சிரிக்காத மூஞ்சி. "பச்சை நிலத்தைக் காட்டித்தான் சனங்களத் திரும்ப வரச் சொல்லிருக்கோம். அதுல கை வச்சா யார் நம்புவா? இது ஏதோ ஒரு வயல்ல நடந்தது"ன்னுட்டாரு. அவர் கவலையும் நியாயந்தான். நான் மண்ணைப் பத்திச் சொன்னேன். 'கம்ப்யூட்டர் பாக்க வந்த பொம்பளைக்கு மண்ணைப் பத்தி என்ன தெரியும்'கிற மாதிரி ஒரு பார்வை பாத்தாரு. எனக்குச் சுருக்குன்னு வந்துட்டு. வெளிய வந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஏண்ணே, உடனே காட்டுக்குப் போ. கல் பொறுக்குறதை வீடியோ எடுத்து அனுப்பு."

"கிறுக்கச்சி, அதையெல்லாம் போயி எவன்ட்டி பாப்பான்?"

"ஒரு மீசைக்காரன் பாப்பான். அனுப்பு."

மறுநாள் வீடியோ வந்துச்சு. அண்ணன் ஏழு வரப்பு நடந்து நடந்து காட்டுதான். ஒரு பக்கம் பழைய கல் குமி. காட்டுக்குள்ள புதுசா முளைச்ச மாதிரி கல்லு. "ஏ சம்முகம், இந்தா பாரு, போன வருசம் இதே இடத்தைத்தான் பொறுக்கினேன். இந்த வருசமும் வந்து உக்காந்திருக்கு. தீவாளிக்கு வந்துட்டுப் போகவே மாட்டேங்குற மருமவன் மாதிரி!"

அதிகாரி மேசையில போனை வச்சேன். நான் இங்கிலீசுல சொல்லச் சொல்ல, மரியம் பக்கத்துல நின்னு, மருமவன் வரைக்கும் ஒரு சொல் விடாம அவங்க பாஷையில சொன்னா. அவர் ஒரு தடவை பாத்தாரு. திரும்பப் போடச் சொன்னாரு. ரெண்டாவது தடவை, அந்த மருமவன் இடத்துல, மீசைக்குள்ள ஒரு சிரிப்பு வந்துச்சு. "எங்க அம்மாவும் விதைப்புக்கு முன்னால கல் பொறுக்குவா"ன்னு சொன்னாரு. "நானும்தான் கூடப் போயிருக்கேன். எப்படி மறந்தேன்?" எப்படி மறக்கும்னு எனக்குத் தெரியாதா என்ன!

புது விதி வந்துச்சு. கரிசல் நிலமா இருந்தா, ஒவ்வொரு பெருமழைக்கும் பச்சை தானா வெளிறிப் போகும். குழு வந்து மறுபடி ஒரு தடவை பாத்தாத்தான் பழையபடி நல்ல பச்சை. சிவப்பு வைக்க யாருக்கும் தடை கிடையாது. பழைய பெட்டிய எடுத்துட்டு, அந்த இடத்துல ஒரு கட்டம் வச்சாங்க: 'மழைக்குப் பிறகு யார் பார்த்தது?' அது எங்க சாரோட கேள்வின்னு அந்த நாட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. பத்திரமா ஊருக்கு வந்து என் மிட்டாய வாங்கிக்கிட்டேன்.

மரியம் இப்ப அந்தக் கன்ட்ரோல் ரூமுக்கே பொறுப்பு. அங்க பெருமழை விட்டா எனக்கு ஒரு படம் அனுப்புவா. பிரியாவுக்கு எழுத உக்காந்த அன்னைக்கும் ஒண்ணு வந்துச்சு. அவ அம்மா வயல், நல்ல பச்சையில. கூட ஒரு புலம்பல்: "ஒவ்வொரு மழைக்கும் இதே தொந்தரவு மேடம். குழு பாத்துட்டுப் போனதும் எங்க அம்மா அவசர நம்பருக்குக் கூப்பிட்டுருதாங்க. ஆபத்துன்னாத்தான் கூப்பிடணும்னு சொன்னா கேக்க மாட்டேங்காங்க. 'அன்னைக்கு இருக்குன்னு சொல்லக் கூப்பிட்டேன், இன்னைக்கு இல்லன்னு சொல்ல வேண்டாமா'ங்காங்க."

கீழ அந்த அழைப்போட பதிவையும் அனுப்பியிருந்தா. எங்க சாப்ட்வேர்ல எதையாவது நிரப்பாம ஒரு அழைப்பை முடிக்க முடியாது, அதையும் நான்தான் டெஸ்ட் பண்ணினேன். யார் பார்த்ததுங்கிற இடத்துல குழுத் தலைவர் பேரு, அதுக்குப் பக்கத்துல அம்மா பேரு. பிரியாவுக்கு என் பதில் அதுதான்: பாத்த ஆளு இல்லாம எந்த மெஷினாலயும் அந்த இடத்தை நிரப்ப முடியாது. அழைத்த காரணம்ங்கிற இடத்துல மரியம் டைப் அடிச்சிருக்கா: 'ஒன்றுமில்லை.'

என் வீட்டுக்காரர்ட்ட காட்டினேன். நான் பேசும்போதெல்லாம் நிறுத்தாத தறிய நிறுத்திட்டு வந்து பாத்தாரு.